நோம்பி வரி வாங்காத வீடு: ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியப்பன், மாமன், அண்ணன் முறையாகும் நாமக்கல் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள் நான். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களோடு ரத்தம் எடுக்கும் முன்னும் முடிவு வந்த பிறகும் உட்கார்ந்து பேசுகிற வேலை. அரசுத் தாளில் அதற்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர். சனங்களுக்கு நான் 'கவுன்சிலரம்மா'. அந்தச் சொல்லை நம்பி, குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று என்னிடம் மனு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்வேன். குழாய்ப் புகாரோடு வந்தவர் சில நேரம் அடுத்த வாரம் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு வேறொன்று பேச ஆரம்பிப்பார்.

கலெக்டருக்கும் சுகாதாரத் துறைக்கும் எழுத வேண்டியதை வேலையில் இருந்தபோதே எழுதியாகிவிட்டது. இந்த மடல் உங்களுக்கு. கோயில் தர்மகர்த்தா, கோயில் திருவிழாவான நோம்பியின் கமிட்டிக்காரர், ஊராட்சி மன்றத்தில் இருந்தவர், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர், அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை என்றால் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவர், எல்லோருக்கும்தான். காரணம் எளிமையானது. பாசிட்டிவ் என்று முடிவைச் சொன்னதும் 'நான் செத்துருவனா?' என்று கேட்டவர்களைவிட, 'ஊருக்குத் தெரிஞ்சுருமா?' என்று கேட்டவர்களே அதிகம். அந்த ஊர் நீங்கள்தான்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஊர் பெயர் தேடாதீர்கள். நாலைந்து ஊர்களில் நடந்ததைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறேன். உங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று தோன்றினால் அது என் குற்றமில்லை.

2008 வாக்கில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை, ரத்த அளவு பார்க்கும்போதே எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். பாசிட்டிவ். புருஷன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. போர் போட வடக்கே போனால் நாலு மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் வருவான். அவன் ரத்தம் எடுக்க விடவே மாட்டேன் என்றான். 'அவளுக்குத்தான் இருக்குது, எனக்கெதுக்கு டெஸ்ட்?' என்றான். மாமியார் அதை ஊரில் சொன்னாள். ஊரும் கணக்குப் போட்டது: முதலில் தெரிந்தது யாருக்கு? அவளுக்கு. அப்படியானால் கொண்டுவந்தது யார்? அவள்.

பெரியவர்களே, இந்தக் கணக்கு எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான பெண் பிள்ளை உண்டானால் பரிசோதனை மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆம்பிளைக்கு அப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வருவதே இல்லை. விபத்தோ அறுவை சிகிச்சையோ ரத்ததானமோ வந்தால்தான் உண்டு. அதனால் வீட்டுக்குள் முதலில் தெரியவருவது பெரும்பாலும் பெண்டாட்டி பெயரில். முதலில் தெரிந்ததற்கும் முதலில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் திண்ணைகளில் புரிய வைத்திருந்தால் என் வேலையில் பாதி குறைந்திருக்கும்.

அவளுக்குப் பிரசவத்தின்போது நெவிரபின் மாத்திரை கொடுத்தார்கள், குழந்தைக்கு அதே மருந்து சொட்டாக. அப்போதைய ஏற்பாடு அவ்வளவுதான். பதினெட்டு மாதத்தில் குழந்தைக்குப் பார்த்தபோது நெகட்டிவ். இப்போது மருந்து இன்னும் மேம்பட்டுவிட்டது. எதுவும் செய்யாமல் விட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றும். தாய் ஒழுங்காகக் கூட்டு மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது.

புருஷன் இரண்டு வருடத்தில் டி.பி. வந்து செத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொண்டுபோவதில் டி.பி.க்குப் பெரிய பங்கு. மருந்து எடுத்திருந்தால் பிழைத்திருப்பான். கடைசிவரை அவன் நம்பிக்கை மையப் படி ஏறவில்லை.

கருமாதி முடிந்த சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். 'அவளே எத்தனை நாளைக்கோ, காடு எதுக்கு அவ பேர்ல?' என்று பேச்சு. மறுவாரம் சார்பதிவாளர் ஆபீசில், கொழுந்தனுக்குப் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம். ஒன்றரை ஏக்கருக்கு நாற்பதாயிரம் ரூபாய். சாட்சிக் கையெழுத்து போட்ட இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் அவளுக்குச் சித்தப்பன் முறை. சாகப் போகிறவளுக்குக் கையில் காசு கிடைக்கட்டும் என்று உண்மையாகவே நினைத்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் முதல் வாரிசு, பிள்ளையும் முதல் வாரிசு, மாமியாரும் முதல் வாரிசு. கொழுந்தன் அந்த வரிசையிலேயே இல்லை. இது அந்தச் சித்தப்பனுக்குத் தெரியாதா? தெரியும். தன் மகள் விவகாரத்தில் அவரே இந்தச் சட்டத்தைப் பேசியவர்.

அவள் இன்றும் உயிரோடு இருக்கிறாள். ஆடு வளர்க்கிறாள். நாற்பதாயிரத்தை விதியாக நினைத்து அவள் எப்போதோ மறந்துவிட்டாள். மறக்காதது வேறு. அடுத்த பங்குனி மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்க நோட்டோடு வந்தவர்கள், இந்த வீட்டுக்கு முந்தின வீடு வரைக்கும் வந்து, அதற்கடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவளே பணத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பெரியவர் ஒருவர் சிரித்த முகமாகவே சொன்னாராம்: 'இருக்கட்டும் அம்மிணி, உனக்கெதுக்குச் சிரமம்.'

பாசிட்டிவ் என்று சொன்னபோது அழாதவள், இதைச் சொல்லும்போது என் முன்னால் அழுதாள். புருஷன் இருந்த வருடத்து வரி ரசீதை எல்லாம் மாத்திரை அட்டையோடு ஒரே பையில் வைத்திருந்தாள். வரி வாங்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரி இல்லாத வீட்டுக்குச் சாமி வாசலில் நிற்காது. மாவிளக்கு எடுக்க முடியாது. அந்த வீட்டில் சாவு விழுந்தால் யார் வருவது என்ற கேள்வி வரும். வெள்ளைக்காரன் காலத்துத் தூக்குத் தண்டனையில்கூட இவ்வளவு மென்மையாகப் பேசமாட்டார்கள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அவள் மருந்து வாங்க வரவில்லை.

இந்த இடத்தில்தான் நோய் பரவுகிற விஷயத்துக்கு வருகிறேன். பரவுவது எப்படி என்று நீங்கள் பள்ளிக்கூடச் சுவரில் படித்திருப்பீர்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஊசி, ரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு. கொசு இல்லை, டீ டம்ளர் இல்லை, ஒரே கிணறு இல்லை. அந்தச் சுவர் விளம்பரத்தில் விட்டுப்போனது ஒன்று உண்டு. தினமும் ஒரு மாத்திரை தவறாமல் எடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸின் அளவு கருவிக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய நிலையில் இருக்கும்வரை உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உலக சுகாதார நிறுவனமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரைக் காப்பாற்றுகிற வேலியே அந்த மாத்திரைதான். மாத்திரையை நிறுத்தினால் வேலி விழும். அதை நிறுத்த வைப்பது எது என்று பார்த்தால், பக்கவிளைவைவிட, பஸ் செலவைவிட, உங்கள் பார்வைதான் முன்னால் நிற்கிறது.

மருந்து வாங்கப் போகிறவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். 'எங்க கெளம்பிட்டாப்ல?' என்று ஒருவர். அடுத்த மாதம் அதே தேதி. 'மாசாமாசம் எங்க போறீங்?' என்று இன்னொருவர். அதற்குப் பயந்துதான் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே மருந்து தரும் இணைப்பு மையம் இருந்தும், சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் கரூருக்கும் போனார்கள். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். மாத்திரை டப்பா ஆட்டினால் சத்தம் கேட்குமென்று உள்ளே பஞ்சு திணித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே லேபிளைச் சுரண்டிவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, காலி டப்பாவைக் காவிரிப் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாக வீசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கேட்டால் பிரஷர் மாத்திரை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கினால் மாத்திரை கிடையாது. மாமனார் சாவுக்குப் போனால் பதினாறு நாள் கிடையாது. இப்படி விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது.

நானும் இதில் சுத்தமானவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று மாதமாக வராத ஒருவரைத் தேடி ஊருக்குப் போனேன். போனது துறை ஜீப்பில். கதவில் எய்ட்ஸ் அடையாளமான சிவப்பு ரிப்பன் படம். வீட்டு முன்னாலேயே நிறுத்தினோம். நல்லது செய்கிற வேகம். நாங்கள் திரும்பும்போது தெருவே திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் குடும்பம் இரண்டு வாரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது. அதன் பிறகு பஸ்ஸில்தான் போனேன், கையில் தீவன மூட்டை வாங்க வந்தவள் மாதிரி ஒரு பையோடு.

நம் மாவட்டத்துக்கு இந்த நோயோடு பழைய சம்பந்தம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த வருடங்களில் நாமக்கல் என்ற பெயர் நாடு முழுக்க இதோடு சேர்த்துப் பேசப்பட்டது. லாரி ஊர், டேங்கர் ஊர், ரிக் ஊர். நெடுஞ்சாலையில் ஏறினது வீட்டில் வந்து இறங்கியது. 'டிரைவர் வியாதி' என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் லைனுக்குப் போய்விட்டு வருகிற டிரைவர் பையனைக் காறித் துப்பினோம், நாற்பது நாள் வீட்டுக்கு விடாத ஓனருக்கு நோம்பியில் பரிவட்டம் கட்டினோம். (ஓனர்கள் கோபித்துக்கொள்ளலாம். அதில் இரண்டு பேர் எனக்கு நெருங்கிய சொந்தம், அவர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.)

இதே நாமக்கல் மண்ணிலிருந்துதான் கௌசல்யாவும் வந்தார். லாரி ஓட்டிய கணவர் மூலம் தொற்று வந்தது என்று தன் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசியவர். 1998ல் பாசிட்டிவ் பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கியவர்களில் முக்கியமானவர். அவர் பேசிய தைரியத்தில் எத்தனையோ பெண்கள் வாழ்ந்தார்கள். ஆனால் எல்லாரும் கௌசல்யாவாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆடு மேய்க்கிற பெண்ணுக்கு மேடை வேண்டாம், வரி ரசீது போதும்.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது முதலில் கிடைத்த இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறி தாம்பரம் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்போது ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கான சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால்தான் மருந்து. அது 350 ஆனது, பிறகு 500 ஆனது. 2017லிருந்து பாசிட்டிவ் என்று தெரிந்த உடனேயே மருந்து, எண்ணிக்கை எதுவானாலும். முன்பு ராத்திரி மாத்திரை போட்டால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும். இப்போதைய மாத்திரையில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். பெரியவர்களில் ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. உங்கள் ஊரில் எத்தனை ஓட்டு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் யார் என்று தேட வேண்டாம்.

'தேட வேண்டாம்' என்பதுதான் உங்களிடம் நான் கேட்க வந்தது. விழிப்புணர்வுப் பேரணி நடத்தச் சொல்லி எழுதவில்லை. டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நடக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. நம்ம ஊரில் யாருக்கு என்ன என்று தெரிந்து வைத்திருப்பது பெரியவர்களின் கடமை என்று நினைக்கிறீர்கள். காது குத்து முதல் கருமாதி வரை அது சரிதான். இந்த ஒன்றில் மட்டும், தெரியாமல் இருப்பதுதான் உங்கள் கடமை. தெரிந்துவிட்டால், தெரியாதவர் மாதிரி இருப்பது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. அவர் நிலையைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது. அவர்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பில் 'இந்த வீட்டுக்காரங்க கிட்ட பால் வாங்காதீங்க' என்று அனுப்பிய தம்பிகள் கவனிக்கவும். தாய் தகப்பன் நோயாகிப் போன வீடுகளுக்கு அதே சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பிய, விவரம் தெரிந்த அண்ணனோ அக்காளோ, தம்பி தங்கையைப் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கு பார்க்கவும் பாதுகாவலராக நிற்கலாம். உங்கள் ஊர்த் தலைமையாசிரியருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் போய்ச் சொன்னால் கேட்பார்.

கல்யாணத்துக்கு முன் எல்லோருக்கும் ஊரே கட்டாயமாக டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சில சங்கங்களில் தீர்மானம் போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ரிப்போர்ட் முதலில் யார் கைக்கு வரும்? சங்கச் செயலாளர் கைக்கு. அப்புறம் அவர் மனைவிக்கு. அப்புறம் எல்லாருக்கும். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகிற காலமும் உண்டு. அதைவிட முக்கியம், தாலி கட்டிய பிறகு நாற்பது நாள் லைனுக்குப் போகிறவனை அந்த ரிப்போர்ட் பின்தொடராது. பெண்ணும் மாப்பிள்ளையும் அவர்களாகவே சேர்ந்து போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், முடிவு அவர்கள் இருவரோடு இருக்கட்டும். எதுவும் கேட்க வேண்டுமென்றால் 1097 எண்ணுக்கு இலவசமாகக் கூப்பிடலாம், ஊர் பேர் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணை டீக்கடைப் பலகையில் எழுதி வைப்பது உங்களுக்கு ஒரு சாக்பீஸ் செலவு.

நீங்கள் செய்யக்கூடிய இன்னும் பெரிய காரியம் ஆம்பிளைகளைப் பரிசோதனைக்கு அனுப்புவது. பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷனும் கூடவே போய் ரத்தம் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம் என்று ஆகிவிட்டால், 'அவள்தான் கொண்டுவந்தாள்' என்ற கணக்கு அன்றோடு செத்துப்போகும். லைனிலிருந்து வருகிற பையன்களிடம் இதைச் சொல்ல என்னைப் போன்ற பெண்ணைவிட, அவன் மாமன் முறையாகிற நீங்கள்தான் சரியான ஆள். மாமன் கிண்டலாகச் சொன்னால்கூட அவன் கேட்பான். நான் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தான்.

விதவையின் காடு பற்றி ஒரே வார்த்தை. கருமாதி வாரத்தில் எழுதப்படும் எந்த விடுதலைப் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். 'ஒரு வருடம் போகட்டும்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வருடத்தில் அவள் மருந்து எடுத்து, உடம்பு தேறி, களை வெட்டப் போய், பேங்க் புத்தகம் வைத்து, பேசத் தெரிந்தவளாகிவிடுவாள். அப்புறம் விற்பதா வேண்டாமா என்று அவளே சொல்வாள்.

அந்த ஐந்து மாத இடைவெளிக்குப் பிறகு அவள் திரும்பி வந்தாள் என்று சொல்லவில்லையே. வந்தாள். மருந்தை மறுபடி ஆரம்பித்தாள். மகன் இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். நான் வேலையை விட்ட அன்று ஒரு கிலோ நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். வரி நோட்டில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை.

பங்குனி வருகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பும்போது, எந்த ஊரானாலும், விட்டுப்போன வீடு எது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கதவையும் தட்டுங்கள். எல்லா வீட்டிலும் என்ன தொகையோ அதே தொகை. குறைத்து வாங்கவும் வேண்டாம், 'இருக்கட்டும் அம்மிணி' என்று சொல்லவும் வேண்டாம். பெயர் எழுதி ரசீது கிழித்துக் கொடுங்கள். மோர் கொடுத்தால் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பக்கத்து ஊர்க்காரி,
முன்னாள் 'கவுன்சிலரம்மா' (குழாய்க்கு அல்ல)